குளிர்காலத் தொங்குகூடைக்கு எந்தப் படர்செடி: ஐவியா, வின்காவா, யூயோனிமஸா?

கோடைக்குக் கட்டும் தொங்குகூடையும் குளிர்காலத்துக்குக் கட்டும் தொங்குகூடையும் பார்வைக்கு ஒன்றுதான். செடி விஷயத்தில் கணக்கே வேறு. கோடையில் விரல் நீள நாற்றை வைத்தால் ஆறேழு வாரத்தில் அது விளிம்பைத் தாண்டி வழியத் தொடங்கிவிடும். வெப்பநிலை 5, 6 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான படர்செடிகளின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோகும். செடி உயிரோடு இருக்கும், பச்சையாகவும் இருக்கும், ஆனால் நீளாது. நட்ட அன்று கொடி 20 செ.மீ. என்றால் மூன்று மாதம் கழித்தும் அதே அளவுதான்.

அதனால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. வாங்கும்போதே கொடி எவ்வளவு நீளம் இருக்கிறது? அந்தரத்தில் தொங்கும் வேர் எவ்வளவு குளிரைத் தாங்கும்? இலையின் நிறம், வரி, பூ எல்லாம் இவற்றுக்குப் பிறகு. இந்த வரிசையை மாற்றித் தேர்ந்தெடுப்பதால்தான் பாதிக் குளிர்காலத்திலேயே பல கூடைகள் பழுப்பேறி நிற்கின்றன.

அந்தரத்தில் வேர்

தரையில் நட்ட செடிக்கு மண்ணின் வெப்பம் காவல். காற்று மைனஸ் 10 டிகிரியாக இருக்கும் இரவிலும் ஒரு சாண் ஆழத்து மண் அவ்வளவு கீழே போகாது. தொங்குகூடைக்கு அந்தக் காவல் எந்தப் பக்கமும் கிடையாது. மேலே, கீழே, சுற்றிலும் காற்று. நீண்ட குளிர் இரவு ஒன்று போதும், வேர்க்கட்டியின் வெப்பம் வெளிக்காற்றின் வெப்பத்துக்கு அருகே வந்துவிடும். பொதுவாகத் தண்டைவிட, இலையைவிட, வேர்தான் குளிருக்கு முதலில் தோற்கும் உறுப்பு.

நாற்றுச் சீட்டில் அச்சிட்டிருக்கும் குளிர்தாங்கும் அளவு தரையில் வேரூன்றிய செடிக்கானது. அதை அப்படியே கூடைக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்க வேளாண் துறையின் மண்டல எண் (எண் சிறிதானால் குளிர் அதிகம்) போட்டிருந்தால், தாங்கும் திறனில் இரண்டு மண்டலம் கழித்து, அதாவது எண்ணில் இரண்டு கூட்டிப் பார்ப்பது தோட்டக்காரர்களின் நடைமுறை விதி. ஒரு மண்டலம் என்பது சுமார் 5.6 டிகிரி. மண்டலம் 5 என்று போட்ட செடி தரையில் மைனஸ் 29 முதல் மைனஸ் 23 வரையிலான குளிரைத் தாங்கக்கூடியது. கூடையில் அதை மண்டலம் 7-க்குரிய செடியாக, அதாவது மைனஸ் 18 முதல் மைனஸ் 12 வரை தாங்குவதாக எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. வேறு முறையில் டிகிரியாகவே போட்டிருந்தால் தாங்கும் குளிரில் 10, 11 டிகிரி குறைத்துக்கொள்ளலாம்.

இன்னோர் ஆபத்து குளிரைவிட மறைவானது. கூடை மண் உறைந்துவிட்டால் அதிலுள்ள நீர் வேருக்குக் கிடைக்காது. பசுமை மாறாச் செடியோ இலையை உதிர்ப்பதில்லை. வெயிலும் காற்றும் பட்டால் இலை வழியே நீர் போய்க்கொண்டே இருக்கும். வரவே இல்லாத செலவு. இப்படிக் காயும் செடியின் இலை ஓரம் உடனே பழுப்பாவதில்லை. இரண்டு மூன்று வாரம் கழித்து, கொஞ்சம் வெதுவெதுப்பான நாளில்தான் அது கண்ணுக்குத் தெரியும். அப்போது பூஞ்சை நோய் என்று நினைத்து மருந்து அடிப்பதால் எந்தப் பயனும் இல்லை. தாகத்தால் வந்த கருகல் அது. காற்று வீசும் மூலையில் மாட்டும் கூடைக்கு, சீட்டு என்ன சொன்னாலும், இன்னும் ஒரு படி வலுவான செடியாகப் பார்க்க வேண்டும்.

ஐவி: பெரும்பாலான கூடைகளுக்கு முதல் தேர்வு

சிற்றிலை ஐவிக்கு இணையாக வேறொன்றைச் சொல்வது கடினம். காரணம் எளிது: 30 முதல் 45 செ.மீ. நீளக் கொடியோடு 9 செ.மீ. தொட்டியில் தயாராகக் கிடைக்கும் பசுமை மாறாச் செடி இதுதான். நட்ட அன்றே கூடை நிறைந்து தெரியும். நிழலிலும் சலிக்காது. கவாத்து செய்தால் கோபிக்காது. ஓரளவு வறட்சியையும் தாங்கும்.

வாங்க வேண்டியது ஹெடெரா ஹீலிக்ஸ் இனத்தின் சிற்றிலை வகைகள். 'கிளேசியர்' சாம்பல்பச்சை இலையும் வெள்ளை ஓரமும் கொண்டது. கூடைக்கு மிகவும் நம்பகமானது. 'கோல்ட்சைல்ட்' மஞ்சள் ஓரம் கொண்டது, இலை சற்றுப் பெரிது. மங்கலான சுவரருகே மாட்டினாலும் தூரத்திலிருந்து தெரியும். 'பிட்ஸ்பர்க்' போன்ற முழுப்பச்சை வகைகள் அழகில் அடக்கமானவை, ஆனால் வரியிலை (பச்சையோடு வெள்ளையோ மஞ்சளோ கலந்த இலை) வகைகளைவிட உறுதியானவை. வரியிலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. குளிர்காற்றிலும் கடும் வெயிலிலும் முதலில் கருகுவது அந்த இடம்தான். காற்றுப் படும் இடத்துக்குப் பச்சை வகை, ஒதுக்கமான இடத்துக்கு வரியிலை வகை என்று பிரித்துக்கொள்ளலாம். பெரிய இலை கொண்ட ஐவிகளைக் கூடைக்குத் தவிர்க்கவும். அவற்றின் தண்டு கனமானது, கணுக்களுக்கு இடையே இடைவெளி அதிகம். கூடையில் இரண்டு வால் மட்டும் தொங்குவதுபோல் இருக்கும்.

கூடையில் சிற்றிலை ஐவி மைனஸ் 10 டிகிரி வரை பெரிய சேதமின்றி நிற்கும் என்று கொள்ளலாம். அதற்குக் கீழே நாள்கணக்கில் நீடித்தால் நுனிகள் போகும். ஆனால் அடித்தண்டு பெரும்பாலும் பிழைத்து வசந்தத்தில் துளிர்க்கும்.

ஐவி தோற்கும் இடங்களில் முதலாவது வாங்கும் இடத்திலேயே இருக்கிறது. வீட்டுக்குள் வைக்கும் செடியாக விற்கப்படும் ஐவி, சூடேற்றிய பசுமைக்குடிலில் வளர்ந்தது. இலை மெல்லிசாக, வெளிர்பச்சையாக, தொட்டால் துவளும்படி இருக்கும். அதை நேராக உறைபனியில் மாட்டினால் ஒரே வாரத்தில் இலையெல்லாம் கறுக்கும். இனத்தில் பலவீனம் இல்லை. பழக்கம் இல்லை, அவ்வளவுதான். பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று 10 முதல் 14 நாள் பழக்கிய பிறகே கூடையில் வைக்க வேண்டும். வெளிப்புறச் செடிகளின் வரிசையில் நிற்கும் ஐவியின் இலை தோல்போல் தடித்திருக்கும். கிடைத்தால் அதையே எடுக்கவும்.

இன்னொன்று, இலைக்கு அடியில் பார்க்காமல் வாங்கக் கூடாது. மேல்புறம் ஊசிக்குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகளும் அடியில் மெல்லிய நூலாம்படையும் இருந்தால் சிலந்திப்பேன். உலர்ந்த, சூடான அறைகளில் பெருகுவது அது. வெளிக்குளிரில் அடங்கினாலும் வசந்தத்தில் திரும்ப வரும்.

வரியிலை ஐவியில் முழுப்பச்சைக் கிளை ஒன்று கிளம்பினால், அது பிரியும் இடத்திலேயே வெட்டி எடுக்கவும். பச்சைக் கிளைக்கு வலு அதிகம். விட்டால் மற்றவற்றை மூடிவிடும். கையுறையும் தேவை. ஐவிச் சாறு சிலருக்குத் தோலில் கொப்புளம் எழுப்பும். வாயில் போட்டுக்கொள்ளும் வயதுக் குழந்தையோ செடி கடிக்கும் பூனையோ இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் மாட்ட வேண்டும்.

ஐவி காட்டுக்குள் பரவி மரங்களை அமுக்கும் பகுதிகளும் உலகில் உண்டு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 2010 முதல் ஹெடெரா ஹீலிக்ஸ் விற்பனைக்கே தடை. வின்காவும் யூயோனிமஸ் ஃபார்ச்சூனியும்கூடச் சில பகுதிகளில் ஊடுருவும் செடிகளாகப் பட்டியலில் உள்ளன. உங்கள் பகுதிப் பட்டியலை வாங்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

வின்கா: ஐவி தோற்கும் குளிரில்

குளிர் மைனஸ் 10-ஐத் தாண்டி இறங்கும் இடத்தில் ஐவியைவிட வின்கா மைனரை நம்பலாம். தரையில் மண்டலம் 4 வரை தாங்குவது. இரண்டு கழித்தாலும் கூடையில் மைனஸ் 18-ஐ ஒட்டி வரும். கம்பிபோல் மெல்லிய கொடி, எதிரெதிராக அமைந்த பளபளக்கும் சிறு இலைகள். வசந்தத் தொடக்கத்தில் நீலஊதாப் பூக்கள் கூடுதல் லாபம். ஐவிக்கு அந்த லாபம் இல்லை.

குறை என்னவென்றால் வாங்கும் நாளில் வின்கா அவ்வளவு நிறைவாக இருக்காது. நாற்றுகள் பெரும்பாலும் நறுக்கிவிடப்பட்டு, குட்டையாக, மேல்நோக்கி நிற்கும். கூடையில் வழியும்படி 40 செ.மீ. கொடி வேண்டும் என்றால் கோடை நடுவிலேயே வாங்கி வளர்த்துவைக்க வேண்டும். வளர்ப்பது எளிது. கொடியின் கணு மண்ணில் பட்டால் வேர்விடும். ஒரு தாய்ச்செடியைச் சுற்றிச் சிறு தொட்டிகளை வைத்து, கணுவைக் கம்பிக் கொக்கியால் மண்ணில் அழுத்திப் பதியன் போட்டால் 6 முதல் 8 வாரத்தில் தனிச்செடி. 'இல்யூமினேஷன்' என்ற மஞ்சள் இலை வகை கண்ணைப் பறிக்கும், ஆனால் வளர்ச்சி மெதுவானது. கூடைக்கு இரண்டு மடங்கு செடி தேவைப்படும்.

வின்கா மேஜர் வேறு கதை. இலை பெரிது, கொடி ஒரு மீட்டரைத் தாண்டும், வரியிலை வகை மிக அழகு. ஆனால் தரையிலேயே மண்டலம் 7 வரைதான் தாங்குவது. கூடையில் லேசான உறைபனிப் பகுதிகளுக்கு மட்டும் பொருந்தும். கொடி நீண்டாலும் அடிப்பகுதி மொட்டையாகத் தெரிவதும் உண்டு. அதை மறைக்க முன்னால் வயோலா என்ற சிறு பூச்செடியோ ஹெதர் என்ற குட்டைப் பூப்புதரோ வைக்க வேண்டியிருக்கும்.

ஓர் எச்சரிக்கை. 'வின்கா' என்று சீட்டு ஒட்டிப் பல நர்சரிகளில் வைத்திருப்பது நித்தியகல்யாணியை. அது வெப்பநாட்டுச் செடி, இப்போது கதராந்தஸ் என்ற தனிப் பேரினம். முதல் உறைபனியிலேயே கறுத்துவிடும். சீட்டில் 'மைனர்' என்றோ 'மேஜர்' என்றோ இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகே எடுக்கவும்.

யூயோனிமஸும் மரத்தண்டுச் செடிகளும்

யூயோனிமஸ் ஃபார்ச்சூனி வகைகளைப் படர்செடி என்று சொல்லி விற்பார்கள். முழு உண்மை அல்ல. 'எமரால்ட் கெய்ட்டி' (வெள்ளை ஓரம்), 'எமரால்ட் அண்ட் கோல்ட்' (மஞ்சள் ஓரம்) இரண்டும் முதலில் புதராக எழும்பி, பிறகுதான் விளிம்பில் சாயும். முதல் குளிர்காலத்தில் 10, 15 செ.மீ.க்கு மேல் தொங்காது. அதற்குப் பதில் அவை தருவது நிறம். குளிர் கூடக்கூட வெள்ளை ஓரத்தில் இளஞ்சிவப்பு ஏறும். தரையில் மண்டலம் 5. கூடையில் மைனஸ் 12 வரை தைரியமாக வைக்கலாம். கூடையின் நடுவே ஒன்றை வைத்து, விளிம்பில் ஐவி வைப்பது அவற்றை நன்றாகப் பயன்படுத்தும் வழி. உண்மையிலேயே தரையோடு படரும் வகை வேண்டுமென்றால் 'கெவென்சிஸ்' தேடவும். இலை மிகச் சிறிது, வளர்ச்சி மிக மெது. வாங்கும்போது தண்டில் வெள்ளைச் செதில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். செதில்பூச்சி இந்தச் செடியின் தீராத தொல்லை.

மைனஸ் 20-ஐ ஒட்டி இறங்கும் இடங்களில் தரைப்படர் ஜூனிபர் மட்டுமே ஓரளவு உறுதியான பதில். ஜூனிபெரஸ் ஹாரிசான்டாலிஸ் தரையில் மண்டலம் 3 வரை தாங்கும். 'வில்ட்டோனி' என்ற வகை நீலச்சாம்பல் கம்பளம்போல் படுத்து விளிம்பில் வழியும். கடுங்குளிரில் ஊதா படியும். அந்த ஊதா நோயல்ல. நிழல் ஆகாது, தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், ஆண்டுக்குச் சில செ.மீ. மட்டுமே வளரும். எனவே பெரிய நாற்றாகவே வாங்கி, அந்தக் கூடையிலேயே இரண்டு மூன்று ஆண்டு விட்டுவிட வேண்டும். சிவப்புக் காய்க்காக கோட்டோனியாஸ்டர் டம்மேரியைச் சிலர் வைப்பார்கள். கொடி நன்றாகத் தொங்கும். ஆனால் பறவைகள் காய்களைப் பாதிக் குளிர்காலத்துக்குள் தீர்த்துவிடும்.

பாதிப் பசுமைச் செடிகள்

கிரீப்பிங் ஜென்னி, வரியிலை கிளெகோமா, லாமியம் மூன்றும் கடைகளில் 'ஆண்டு முழுதும் பச்சை' என்ற சீட்டோடு நிற்கும். மிதமான குளிரில் அது உண்மை. மைனஸ் 4, 5 டிகிரி சில இரவு தொடர்ந்தால் கிரீப்பிங் ஜென்னியின் பொன்னிற இலை செம்பழுப்பாகி உதிரும். தொங்குவது வெறும் நூல். கிளெகோமாவும் அப்படித்தான், ஒரு மீட்டர் நீளத்துக்கு. வேர் சாகாது, வசந்தத்தில் மீண்டும் பொங்கும். ஆனால் கூடை அழகாக இருக்க வேண்டிய மாதங்களில் அது அழகாக இல்லை. உறைபனி எட்டிப்பார்த்துவிட்டுப் போகும் இடமானால் தயங்காமல் வைக்கலாம், மற்ற இடங்களில் இவற்றை நம்பிக் கூடை கட்ட வேண்டாம்.

செடம் 'ஆஞ்சலினா'வை இந்தக் கூட்டத்தில் சேர்ப்பது அநியாயம். ஊசி இலை, கோடையில் எலுமிச்சை நிறம், குளிரில் செம்மஞ்சள். குளிரை நன்றாகத் தாங்கும், காற்றைத் தாங்கும், நீர் மறந்தாலும் தாங்கும். ஈரம் மட்டும் ஆகாது. 20 செ.மீ. வரைதான் தொங்கும் என்பதால் சிறிய கூடைக்கும் வெயில் படும் பால்கனிக்கும் ஏற்றது. ஐவியோடு சேர்த்து வைத்தால் இருவரில் ஒருவருக்குத் தண்ணீர் தவறாகத்தான் போகும்.

சிவப்புக் காயோடு கூடைக்கு விற்கப்படும் கால்தீரியா புரோகும்பென்ஸ் குளிரில் அசையாது. இலை வெண்கலச் சிவப்பாகும், காய் வசந்தம் வரை நிற்கும். ஆனால் அது அமில மண் செடி. சாதாரணக் கலவையும் சுண்ணாம்பு கலந்த குழாய்நீரும் சேர்ந்தால் நரம்பு மட்டும் பச்சையாக, இலை மஞ்சளாகும். தீர்வு உண்டு: அமிலக் கலவை நிரப்பிய 10 செ.மீ. தொட்டியோடு அப்படியே கூடைக்குள் புதைத்து, மழைநீர் ஊற்றவும். விளிம்பைத் தாண்டித் தொங்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

குளிர் லேசான இடங்களுக்கு

ஆண்டில் சில இரவு மட்டும் 0 டிகிரியைத் தொட்டுவிட்டு ஏறும் இடங்களில் தேர்வு விரிகிறது. டைகோண்ட்ரா 'சில்வர் ஃபால்ஸ்' வெள்ளிச் சரமாக ஒரு மீட்டருக்கு மேல் இறங்கும். வேறு எந்தச் செடியும் அந்தத் தோற்றத்தைத் தராது. ஆனால் சரியான உறைபனி ஒன்று வந்தால் போய்விடும், ஈரமான குளிர் அதைவிட வேகமாக முடிக்கும். படரும் ரோஸ்மேரி வெயில் இடத்துக்கு மிக நல்லது. குளிர்கால முடிவில் நீலப் பூவும் வரும்; வேர் ஈரமாகவே இருந்தால் நுனி கறுக்கத் தொடங்கும். மியூலென்பெக்கியா காம்ப்ளெக்ஸா, செப்புக்கம்பித் தண்டில் பொட்டுப்போன்ற இலைகள் கொண்டது, காற்றுக்கும் கடலோர உப்புக்காற்றுக்கும் அஞ்சாது. குளிர் கூடினால் இலை கொட்டும்.

எதை எடுப்பது

உங்கள் இடத்தில் இரவுக் குளிர் வழக்கமாக எங்கே நிற்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். 0-வை ஒட்டி நின்றால் டைகோண்ட்ரா, ரோஸ்மேரி, வின்கா மேஜர் எல்லாமே திறந்திருக்கின்றன. மைனஸ் 3 முதல் மைனஸ் 10 வரையானால் வேறு யோசனை வேண்டாம், ஐவிதான். நிழலில் 'கோல்ட்சைல்ட்', பாதி வெயிலில் 'கிளேசியர்', காற்றில் முழுப்பச்சை. மைனஸ் 10-க்கும் மைனஸ் 18-க்கும் இடையில் வின்கா மைனர் விளிம்பில். நடுவில் வைக்கும் யூயோனிமஸை மைனஸ் 12, 13 வரைதான் நம்பலாம். இந்த நிலையில் வின்காவை முன்கூட்டி வளர்க்க நேரமில்லாதவர்கள் ஐவியை வைத்து, கடும் இரவுகளில் கூடையை இறக்கிவைப்பதாக முடிவு செய்யலாம். அதுவும் நியாயமான தேர்வே. அதற்கும் கீழே என்றால் ஜூனிபர். அல்லது அந்த மாதங்களில் உயிர்ச்செடியே வைக்காமல், வெட்டிய ஊசியிலைக் கிளைகளைக் கூடை மண்ணில் செருகிவைப்பது. குளிரில் வெட்டுக்கிளை பல வாரம் பச்சையாக நிற்கும். செடி சாவதைப் பார்ப்பதைவிட அது மேல்.

இரண்டு இனத்துக்கு மேல் படர்செடியை ஒரே கூடையில் கலக்க வேண்டாம். ஒரே இனம் நெருக்கமாக விழும்போதுதான் கூடைக்கு உருவம் வருகிறது.

35 செ.மீ. கூடை: அளவும் நடும் முறையும்

குளிர்காலத்துக்கு 35 செ.மீ. விட்டத்துக்குக் குறைந்த கூடை வேண்டாம். அரைக்கோள வடிவில் 30 செ.மீ. கூடை சுமார் 7 லிட்டர் கொள்ளும், 35 செ.மீ. சுமார் 11 லிட்டர், 40 செ.மீ. சுமார் 17 லிட்டர். மண் கூடினால் உறையவும் நேரம் பிடிக்கும், காயவும் நேரம் பிடிக்கும். நனைந்த நிலையில் 35 செ.மீ. கூடை 12 கிலோவை நெருங்கும். பனி படிந்தால் இன்னும் ஏறும். மாட்டும் கொக்கி குறைந்தது 20 கிலோ தாங்க வேண்டும்.

கலவை: பொதுவான தொட்டிக்கலவை 8 லிட்டருக்கு பெர்லைட்டோ (பொரிந்த வெள்ளைப் பாறைமணிகள்) 3 முதல் 6 மி.மீ. சரளையோ 2 லிட்டர். பெர்லைட் எடை குறைவு, அதனால் கூடைக்கு அதுவே ஏற்றது. கோடைக்கூடைக்குப் போடும் நீர்தேக்கும் ஜெல் இப்போது கூடவே கூடாது. குளிரில் செடி குடிப்பது மிகக் குறைவு; தேங்கிய ஈரம் வேரை அழுகச்செய்யும், உறைந்தால் விரிந்து வேரை அறுக்கும். மெதுவாகக் கரையும் உரமணிகளும் வேண்டாம். பருவம் தப்பி வரும் இளந்துளிர்தான் உறைபனிக்கு முதல் பலி.

செடிகள்: 9 செ.மீ. தொட்டி ஐவி 4, நடுவில் ஒரு யூயோனிமஸ் அல்லது ஹெதர், இடைவெளிக்கு வயோலா நாற்று 5. கோடைக்கு இது நெருக்கம். வளர்ச்சி இல்லாத காலத்துக்கு இதுதான் சரியான எண்ணிக்கை. ஐவியில் ஒரு மிச்சம் பிடிக்கும் வழி உண்டு. ஒரு தொட்டியில் பெரும்பாலும் 4 முதல் 6 வெட்டுத்தண்டுகள் தனித்தனியாக வேர்விட்டு நிற்கும். 20 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, வேரைக் கையால் மெல்லப் பிரித்தால் ஒன்று மூன்றாகும். பக்கவாட்டில் நட இந்த மெல்லிய துண்டுகளே வசதி.

கம்பிக்கூடைக்குத் தென்னைநார் விரிப்பைப் போட்டு, அதன் உள்பக்கம் சுவரை மட்டும் குமிழி உறையால் சுற்றவும். அடியை மூட வேண்டாம், வடிகால் அங்கேதான். பாதிவரை கலவை நிரப்பி, விரிப்பில் 4 செ.மீ. கீறல் போட்டு, ஐவித் துண்டின் கொடிப்பக்கத்தைக் காகிதத்தில் சுருட்டி உள்ளிருந்து வெளியே தள்ளவும். கொடி முறியாது, வேர்க்கட்டியும் உடையாது. பிறகு நடுச்செடி. கடைசியாக விளிம்பில் நடும் ஐவியை நிமிர்த்தி வைக்காமல் வெளிப்பக்கம் 45 டிகிரி சாய்த்து வைக்கவும். நிமிர்ந்து நட்டால் கொடி முதலில் மேலே வளைந்து பிறகு விழும். விளிம்புக்கும் செடிக்கும் நடுவே வெற்றிடம் தெரியும். தளர்ந்த கொடிகளைக் கொண்டை ஊசிபோல் வளைத்த கம்பியால் விரிப்போடு குத்திவிடலாம். மேலே 2 செ.மீ. விட்டுவைக்க வேண்டும், தண்ணீர் நிற்க இடம் வேண்டுமே.

இவை எல்லாம் முதல் உறைபனிக்கு 6 முதல் 8 வாரம் முன்பே முடிய வேண்டும். புதிய மண்ணுக்குள் வேர் இறங்காத செடி, உறைந்து உருகும் மண்ணால் மேலே தள்ளப்படும். அப்படிக் கழுத்து வெளியே தெரிந்தால் விரலால் அழுத்தி, கொஞ்சம் கலவை போட்டு மூடவும்.

குளிர்காலத்தில் தண்ணீர்

கூரைவிளிம்பின் கீழ் தொங்கும் கூடைக்கு மழை எட்டுவதே இல்லை. வெளியே ஈரமாக இருக்கிறது என்று விட்டுவிட்டதால் காய்ந்த ஐவிகள் ஏராளம். கூடையின் அடியைக் கையால் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால், மேல்மண் 2 செ.மீ. காய்ந்திருந்தால், உறைபனி இல்லாத நாளின் காலையில் அடியில் சொட்டும்வரை ஊற்றவும். மாலையில் வேண்டாம். வடியாத நீர் இரவில் உறையும். கடுங்குளிர் வரும் என்று அறிவிப்பு வந்தால் ஒரு நாள் முன்னதாக ஊற்றி வடியவிடுவது நல்லது. நீர் நிறைந்த இலை, காய்ந்த இலையைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும்.

கூடை கல்லாக உறைந்துவிட்டால் வெந்நீர் ஊற்றக் கூடாது, சூடான அறைக்குள்ளும் கொண்டுவரக் கூடாது. வேகமாக உருகும்போது திசு கிழியும். அறைச்சூட்டில் இலை நீரை இழக்கும், வேர் இன்னும் பனிக்கட்டிக்குள் இருக்கும். சூடேற்றாத கொட்டகையிலோ படிக்கட்டின் கீழோ, ஒரு காலித் தொட்டியின் வாயில் கூடையை உட்காரவைத்து, கோணிப்பையால் சுற்றிவிடவும். பசுமை மாறாச் செடிகள் நாலைந்து நாள் இருட்டைப் பொறுத்துக்கொள்ளும். இடமில்லாதவர்கள் கொக்கியிலிருந்து இறக்கிச் சுவரோரம் தரையில் வைத்தாலே காற்றின் பாதிப்பு குறையும்.

மண் ஈரமாக இருந்தும் செடி வாடி, இழுத்தால் வேரில்லாமல் கையோடு வந்தால் கூன்வண்டுப் புழு. பாலாடை நிறம், பழுப்புத் தலை, 'சி' எழுத்துபோல் வளைந்த உடல், 1 செ.மீ. நீளம். குளிர்காலம் முழுதும் மண்ணுக்குள் இருந்து வேரைத் தின்னும். வாங்கிய நாற்றைத் தொட்டியிலிருந்து தட்டி வேர்க்கட்டியைப் பார்த்த பிறகே கூடையில் வைப்பது இதற்காகத்தான். புழு பிடித்த கூடையில் மண்ணைப் புதுப்பிப்பதே வழி. ஐவியின் நல்ல கொடிகளை 10 செ.மீ. துண்டுகளாக வெட்டிப் புதுக்கலவையில் ஊன்றிக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

பகல் வெப்பம் 10 டிகிரியை நிலையாகத் தாண்டியதும் காய்ந்த நுனிகளைப் பச்சை தெரியும் கணு வரை வெட்டி, பாதி அளவு நீர்த்த திரவ உரத்தை இரு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கத் தொடங்கவும். கோடைச்செடிக்குக் கூடை வேண்டுமானால் ஐவியைப் பிரித்து 12 செ.மீ. தொட்டிகளுக்கு மாற்றி நிழலில் வைக்கலாம். கொடிகளை ஒருமுறை பாதியாகக் கிள்ளிவிட்டால் கிளை பெருகி, அடுத்த குளிருக்கு 50 செ.மீ. நீளத்தில் தயாராக நிற்கும். வெட்டிய கொடிகளை, ஐவியானாலும் வின்காவானாலும், பச்சையாகக் குப்பைக்குழியில் போட வேண்டாம். ஈரம் கண்டால் கணுவிலிருந்து வேர்விடும். வெயிலில் முழுக்கக் காயவைத்த பிறகே போடவும்.